மாடு மேயிற மலையில காடு வளர்த்தா காசாம், கையெழுத்துப் போடலாமா?

மலைக்காரி:
வணக்கம். நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல பிறந்து வளர்ந்தவ. இப்ப டவுன்ல வேலை, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போவேன். எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேல முப்பது ஏக்கர் மாதிரி ஒரு மலை இருக்கு. மேல்பாதி எப்பவுமே மானாப் புல்லு. கீழ்பாதி எங்கம்மா தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்ச புதுசுல கொழுந்து எடுத்த மலை. தோட்டம் அதைக் கைவிட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆகுது, தேயிலைச் செடியெல்லாம் மரமா நிக்குது. எங்க டிவிசன்ல பதினேழு குடும்பம் மாடு வச்சிருக்கு. எல்லா மாடும் அந்த மலையிலதான் மேயுது. அப்பாவுக்கு மூணு மாடு.

போன மாசம் ஒரு கொம்பனியில இருந்து நாலு பேர் வந்தாங்க. மலையைச் சுத்தி வேலி அடிப்பாங்களாம், மாடு விடக்கூடாதாம், நெருப்பு வைக்கக்கூடாதாம். காடு தானா வளருமாம், வளராத இடத்துல நாட்டு மரக் கன்னு நடுவாங்களாம். அந்தக் காடு காத்துல இருந்து உறிஞ்சுற காபனை அளந்து கிரெடிட்டா, அதாவது புகை விடுற கொம்பனிக்காரங்க அதை ஈடுகட்ட வாங்குற சீட்டா, வெளிநாட்டுல விப்பாங்களாம், அதுல "சமூகத்துக்கு" ஒரு பங்காம். இங்கிலீஷ்ல ஆறு பக்கக் கடிதம் ஒண்ணைக் குடுத்து, கோயில் முன்னால வச்சு கையெழுத்து வாங்கினாங்க. ஒம்பது பேர் போட்டுட்டாங்க. அப்பா போடல, மகள் வரட்டும்னு சொல்லியிருக்காரு.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். மாட்டை நிப்பாட்டினா மட்டும் காடு உண்மையிலேயே வருமா? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நாங்க எதைக் கேக்கணும்? எனக்குக் காடு வேணும். நான் ஸ்கூல் போற காலத்துல அந்த மலை அடியில ஒரு ஊத்து இருந்துச்சு. இப்ப மாசிப் பங்குனியில சேறு மட்டும்தான் இருக்கு.

பழைய கண்டாக்கு:
மகள், முப்பத்தொரு வருஷம் கண்டாக்கா, தோட்ட வேலையை மேற்பார்க்க மலையில நடந்தவன் சொல்றேன். கீழ்பாதியில வரும், மேல்பாதியில லேசுல வராது. கைவிட்ட தேயிலைக்குள்ள நிழல் இருக்கு, மண்ணுல ஈரம் இருக்கு, கொண்டைக்குருவி வந்து உக்கார கிளை இருக்கு. பழம் தின்ன குருவி எச்சம் போட்டா அங்க கெந்த மரம் முளைக்கும், பொம்பு மரம் முளைக்கும், கொஞ்சம் பிந்தி தம்பு மரம் வரும். நான் இருந்த ஒரு தோட்டத்துல ஓடையோரம் ஆறு ஏக்கரைத் தேயிலைக் கணக்குல இருந்து எடுத்து அப்படியே விட்டோம். பன்னிரண்டு வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தப்ப உள்ள போக வழி இல்ல.

மானாப் புல்லு வேற கதை. இடுப்பளவு நிக்கும், விதை விழுந்தா மண்ணைத் தொடாது. தொட்டு முளைச்சாலும் ஆடிக் காத்துல எவனாவது நெருப்பு வைப்பான். நெருப்புக்குப் பிறகு முதல்ல துளிர்க்கிறது மானாதான். மாட்டுக்காரனுக்கு அந்த இளந்துளிர் வேணும், அதுக்குத்தான் வைக்கிறதே. மாடு தின்னு அழிஞ்ச கன்னை விட நெருப்புல போன கன்னுதான் அதிகம்.

விதைப்பெட்டி:
கண்டாக்கு ஐயா சொன்னது சரி. வனவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மலைக்கே கேடு.

மேல்பாதியை எல்லோரும் "அழிந்த காடு" என்று நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையாக இல்லாமல் இருக்கலாம். ஊவாவின் வறண்ட பத்தனைப் புல்வெளிகளில் சில, மனிதர் காட்டை வெட்டி எரித்ததால் வந்தவை. சில மிகப் பழையவை. ஹோட்டன் சமவெளி, மூன் பிளேன்ஸ் போன்ற ஈரப் பத்தனைகளும் அப்படித்தான், அவற்றின் கருமண்ணுக்குள்ளேயே ஏராளமான காபன் சேர்ந்து கிடக்கிறது. அங்கே குழி தோண்டி மரம் நட்டால், மண்ணைக் கிளறி இருக்கும் காபனை வெளியேவிட்டு, புல்வெளிக்கே உரிய செடிகளையும் பூச்சிகளையும் இழந்து, அதற்குக் காசும் வாங்கியதாக முடியும்.

எப்படி அறிவது? மேலே ஏறிப் புல்லுக்கு நடுவில் என்ன மரம் தனித்தனியாக நிற்கிறது என்று பாருங்கள். நெல்லி, தான்றி, கடுக்காய், வேங்கை, கஹட்ட இவையெல்லாம் தடித்த பட்டையோடு நின்றால், அது நெருப்போடு பழகிய புல்வெளி. அங்கே அடர்ந்த காட்டை எதிர்பார்க்க வேண்டாம், நெல்லியும் வேங்கையும் இன்னும் கொஞ்சம் கூடினால் போதும். புல்லுக்குள் பழைய கோப்பிக் கான் (வடிகால்), கல் வரிச்சு, தேயிலைத் தூர் தெரிந்தால், அது வெட்டப்பட்ட காடு. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் பயிரே போனது. கைவிட்ட கோப்பி மலைகளில் தேயிலைக்கு மாறாதவை புல்லாயின.

காட்டைப் பற்றிய எச்சரிக்கையும் இங்கே புதிதல்ல. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று இலங்கை அரசுக்கு எழுதினார். உங்கள் மலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், அந்த எச்சரிக்கை அதைக் காத்திருக்காது.

பட்டிக்காரன்:
எல்லாரும் மரத்தைப் பத்திப் பேசுறீங்க, நான் மாட்டைப் பத்திப் பேசுறேன். வெலிமடைப் பக்கம் எனக்கு அஞ்சு மாடு.

நானூறு கிலோ மாடு ஒண்ணு ஒரு நாளைக்கு நாப்பது கிலோ பச்சைப் புல்லு தின்னும். மூணு மாட்டுக்கு நூத்தி இருபது கிலோ. மலையில விட்டா மாடு தன் காலால நடந்து தின்னுட்டு வரும். வேலி அடிச்சீங்கன்னா அந்த நூத்தி இருபது கிலோவையும் ஒரு ஆள் வெட்டி, கட்டி, தலையில வச்சு, படி ஏறி இறக்கணும். யாரு தூக்குவா? காலையில எட்டு மணிக்கு மலைக்குப் போய் நாலரைக்குக் கொழுந்தை எடை போட்டுட்டு வர்ற பொம்பளதான். எங்க வீட்டுக்காரியோட கழுத்தைப் பார்த்தா தெரியும்.

எங்க ஊர்ல முன்னால ஒரு திட்டத்துல இதேதான் நடந்துச்சு. மேய்ச்சல் நிலத்தை அடைச்சாங்க, கன்னு நட்டாங்க, போர்டு வச்சாங்க. மாட்டை என்ன பண்றதுன்னு யாரும் கேக்கல. நாங்க மேல இருந்த காட்டு ஓரத்துக்கு ஓட்டிப் போனோம், அங்க இருந்த நாத்தெல்லாம் தின்னு தீந்துச்சு. இங்க ஒரு காடு, அங்க ஒரு அழிவு. மூணாவது வருஷம் வேலிக்கம்பி காணாமப் போச்சு. யாரு எடுத்தான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஏன் எடுத்தான்னு எனக்குத் தெரியும்.

விதைப்பெட்டி:
பட்டிக்காரன் அண்ணன் சொன்னதற்குக் காபன் கணக்கில் "கசிவு" என்று பெயர். மாடு பக்கத்துக் காட்டுக்குப் போனால், அங்கே இழந்த காபனை இங்கே பெற்றதில் கழிக்க வேண்டும். ஒழுங்கான திட்டம் என்றால் மாட்டுக்கு மாற்று வழி அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்: சீஓ-3 என்ற தீவனப் புல் நட எத்தனை பேர்ச் நிலம், யார் நிலத்தில், கொட்டகைக்குக் காசு யார் தருவது, காடு வளரும்வரை எந்தப் பகுதியை மேய்ச்சலுக்குத் திறந்து வைப்பது என்று.

மலைக்காரி:
கடிதத்தைத் திரும்ப வாசிச்சேன். மாடுன்னு ஒரு சொல் ரெண்டு இடத்துல வருது. ரெண்டும் "மேய்ச்சல் தடை"ங்கிற பகுதியில.

கண்டாக்கு ஐயாவுக்கு ஒரு படம் காட்டணும்னு ஆசை, எழுத்துலயே சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால அப்பா கீழ்பாதியில மிளகாய் போடுறதுக்கு ஒரு துண்டை அடைச்சாரு, பத்துக்குப் பத்து அடி இருக்கும். பழைய தகரம், லயத்துக் கதவு ஒண்ணு, முள்ளுக்கம்பி. மிளகாய் சரிவரல, அப்படியே விட்டுட்டாரு. நேத்து உள்ள குந்தி உக்காந்து எண்ணினேன். இருபத்தி மூணு நாத்து இருக்கு. பதினொண்ணு கெந்த, இலை கையளவு அகலம், நடுவுல காம்பு குத்தி நிக்கும், குடை மாதிரி. நாலு தம்புன்னு நினைக்கிறேன், துளிர் செம்புச் சிவப்பு. மீதி எனக்குப் பேர் தெரியல. தகரத்துக்கு வெளியில அதே அளவு இடத்தை எண்ணினேன். நாயுண்ணி ஒரு தூர், தேயிலை ரெண்டு, கடிச்சு மொட்டையான ஒரு குச்சி.

பழைய கண்டாக்கு:
பேர் தெரியாததுல ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்க. கறுவாப் பட்டை மாதிரி வாசம் வந்தா தவுல் குருந்து. அது வந்திருக்குன்னா பெரிய காட்டுல இருந்து குருவி வருதுன்னு அர்த்தம்.

மலைக்காரி:
வாசம் வருது ஐயா! மூணு கன்னு.

குயின்ஸ்லாந்துல இருந்து:
இலங்கையில பிறந்து, இப்ப அவுஸ்திரேலியாவுல செம்மறி ஆட்டுப் பண்ணையில வேலை செய்றேன். மாட்டை நிப்பாட்டிக் காட்டை வரவச்சு கிரெடிட் விக்கிற வேலையை இங்கதான் பெரிய அளவுல செஞ்சாங்க, அதனால அனுபவத்தைச் சொல்றேன்.

இங்க 2011ல காபன் விவசாயத்துக்குன்னே ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. ஒரு தொன் காபனீரொக்சைட்டுக்கு ஒரு கிரெடிட். "மனிதரால் தூண்டப்பட்ட மீளுருவாக்கம்"னு ஒரு முறை. ஆடு மாட்டைக் குறைக்கணும், புல்டோசர் போட்டு மரத்தைச் சாய்க்கிறதை நிப்பாட்டணும், தானா வர்ற மரத்தை விடணும். ரெண்டு மீற்றர் உயரம் வளரக்கூடிய மரம் நிலத்துல 20 சதவீதத்தை மூடினா அது காடு. நான் வேலை செய்ற பக்கம் மல்கான்னு ஒரு வேல மரம், பஞ்சக் காலத்துல அதைச் சாய்ச்சுத்தான் ஆட்டுக்குத் தீனி போடுவாங்க. அந்த நிலத்துல நிறையத் திட்டம் வந்துச்சு. கடன்ல மூழ்கியிருந்த பண்ணைக்காரங்க அந்தக் காசுல நிமிர்ந்தாங்க, அதைக் கண்ணால பார்த்தேன்.

ஆனா 2022ல பெரிய சண்டை வந்துச்சு. அந்த முறைகளை மேற்பார்வை செய்ற குழுவுக்கே முன்னால தலைவரா இருந்த பேராசிரியர் அன்ட்ரூ மக்கின்டொஷ், நிறைய இடத்துல மரம் முன்னாலயே இருந்துச்சு, மழை பெஞ்சா கூடும், காய்ஞ்சா குறையும், மாட்டைக் குறைச்சதால வந்த காடு இல்லைன்னு சொன்னாரு. அரசாங்கம் இயன் சப் தலைமையில ஒரு ஆய்வு வச்சுச்சு. 2023 ஜனவரியில வந்த அறிக்கை, அடிப்படை சரி, திருத்தம் வேணும்னு சொல்லுச்சு. அதே வருஷம் செப்டெம்பர்ல அந்த முறை காலாவதியாச்சு, புதுத் திட்டம் அதுல சேர முடியாது. வாதம் இன்னும் ஓயல.

தங்கச்சிக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. அந்தத் தகரத்துக்கு உள்ள இருபத்தி மூணு, வெளியில ஒரு குச்சின்னு எண்ணினீங்களே, அந்த எண்ணிக்கைதான் இங்க பல பேரால காட்ட முடியாமப் போன சாட்சி. தேதி போட்டு எழுதி வைங்க. உங்க மலையில மழை தாராளம், மாடுதான் தடைன்னு அது காட்டுது.

இன்னொண்ணு. இங்க 25 வருஷம் இல்லாட்டி 100 வருஷம் காட்டைக் காப்பாத்துறேன்னு ஒப்பணும். 25ன்னா கிரெடிட்டுல அஞ்சுல ஒரு பங்கு வெட்டு. ஆனா நிலம் பண்ணைக்காரன் கையில இருக்கு, இல்லாட்டி அவன் பேருல குத்தகை இருக்கு. உங்க நிலம் யாரு பேருல இருக்கு?

கொழுந்துப்பை:
நான் இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போறவ. எனக்கு வர்ற கோபத்தைச் சொல்லிடுறேன்.

எங்களுக்குக் காடுன்னா தோட்டம் கைவிட்டதுன்னு அர்த்தம். புல்லு வெட்டல, உரம் போடல, மலை காடாப் போச்சுன்னு நாங்க வருஷக்கணக்கா முறையிடுறோம். அந்தக் காட்டுல இருந்துதான் குளவி வருது. போன வருஷம் நாங்க கொழுந்து எடுக்கிற நிரையில ஏழு பேருக்குக் கொட்டி ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போனோம். எனக்குப் பக்கத்துல நின்ன அக்கா ரெண்டு நாள் கண்ணு திறக்கல. சிறுத்தையும் அங்கதான் படுத்திருக்கு, லயத்து நாயைத் தூக்கிட்டுப் போகுது. நீங்க வேலி அடிச்சுக் காடு வளர்த்தா அந்தக் காடு எங்க நிரைக்கு எவ்வளவு கிட்ட வரும்? அதை யாராவது எழுதியிருக்காங்களா?

பழைய கண்டாக்கு:
அந்தக் கேள்வி நியாயம் மகள். நான் இருந்த இடத்துல தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவுல முப்பது அடி வெட்ட வெளி விட்டோம், வருஷத்துக்கு நாலு தரம் புல்லு வெட்டினோம். நெருப்புக்கும் அதுவே வரம்பு. குளவிக்கூடு அதுல தெரிஞ்சிடும். அந்த வெட்டுக்கூலியைத் திட்டம்தான் குடுக்கணும், தோட்டத்துத் தலையில போட்டா ரெண்டாம் வருஷம் யாரும் வெட்ட மாட்டாங்க.

சிறுத்தைக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பன்றிக்குன்னு கட்டுற கம்பிச் சுருக்கை நிப்பாட்டுறது. சுருக்குல மாட்டிக் காயப்பட்ட சிறுத்தைதான் ஆளைப் பாயும்.

ஊவாக் காத்து:
பைனஸை மறந்துட்டீங்களே. எழுபது, எண்பதுகள்ல இதே மாதிரி பத்தனைப் புல்லுல மண்ணைக் காப்பாத்துறோம்னு பைனஸ் நட்டாங்க. கீழ ஒண்ணும் முளைக்கல, காய்ஞ்ச ஊசி இலை அடி நெடுகக் கிடந்து ஆடியில பத்திக்கிச்சு. ஊத்து வத்திப்போச்சுன்னு சனம் இன்னும் சொல்லுது. கொம்பனிக்காரன் வேகமா வளர்ற மரத்தை நட்டா அவனுக்குக் கிரெடிட் வேகமா வரும். கடிதத்துல மரத்துப் பேர் எழுதச் சொல்லுங்க.

விதைப்பெட்டி:
சரியான எச்சரிக்கை. ஊற்றைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வளரும் மரம் புல்லை விட அதிகத் தண்ணீர் குடிக்கும், எனவே முதல் வருடங்களில் ஊற்று கூடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். மாடு மிதித்து இறுகிய மண் மெல்ல இளகி, மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறும். நாட்டு மரமாக, கலந்து, நெருக்கம் குறைவாக இருந்தால் நல்லது. பைனஸ் நட்ட இடமும் வீணல்ல. சிங்கராஜ ஓரத்தில் 1990களிலிருந்து பைனஸ் வரிசைகளை இடையிடையே எடுத்து, அந்த வெளிச்சத்தில் நாட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

மேல்பாதியில் இலுக்கோ மானாவோ பழைய கோப்பி நிலத்தில் இருந்தால் செலவில்லாத ஒரு முறை உண்டு. நாத்து இருக்கும் இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டி, பலகையைப் புல்லின் மேல் போட்டு மிதித்துச் சாய்த்துக்கொண்டே போங்கள். வெட்டிய புல் உடனே துளிர்க்கும், சாய்ந்த புல் அவ்வளவு விரைவில் எழாது. வெளிச்சம் நாத்துக்குக் கிடைக்கும், நெருப்பும் உயரமாக எழாது. பிலிப்பைன்சில் இலுக்கு நிலங்களை இப்படித்தான் மீட்டார்கள்.

இனி காசு. காய்ந்த எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் காபன். அதை 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் காபனீரொக்சைட். நூறு கிலோ காய்ந்த எடையுள்ள ஒரு மரம் 172 கிலோ. அப்படி ஆறு மரம் நின்றால் ஒரு கிரெடிட். நாத்து அந்த எடைக்கு வரப் பல வருடம். ஆகவே முதல் ஐந்து வருடம் செலவுதான், அந்த ஐந்து வருடத்தில்தான் உங்கள் மாட்டுக்குப் புல் இல்லாமல் போகும். பங்கு "விற்பனைக்குப் பிறகு" என்று எழுதியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். முதல் வருடத்திலிருந்தே காவல்கூலி, வெட்டுக்கூலி, புல்லுக்கான காசு வர வேண்டும்.

குயின்ஸ்லாந்து அண்ணன் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் அடி. தோட்ட நிலம் அரசுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்தது, 1992இல் பெருந்தோட்டக் கொம்பனிகளிடம் கொடுத்தது. அந்த 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. காபன் திட்டமோ வழக்கமாக 40 வருடம் பேசும். அப்படியானால் 2045க்குப் பிறகு அந்தக் காட்டுக்கு யார் பொறுப்பு, கிரெடிட் யாருக்கு? லயத்தில் இருநூறு வருடமாக இருப்பவர்களுக்கு 7 பேர்ச், 10 பேர்ச் வீட்டுக் காணிக்கே இன்னும் பலருக்கு உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. நிலத்தில் பெயர் இல்லாதவர்களுடைய மேய்ச்சலை நிறுத்த மட்டும் அவர்களுடைய கையெழுத்து வேண்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆகவே அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள்.

கிரெடிட்டை எந்தப் பதிவேட்டில் பதிகிறார்கள் என்றும் கேளுங்கள். வெராவா, கோல்ட் ஸ்டாண்டர்டா, நம் காலநிலை நிதியத்தின் திட்டமா? வெரா என்றால் திட்ட ஆவணத்தைப் பகிரங்கமாகப் போட்டு 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும்.

பட்டிக்காரன்:
தம்பி, இவ்வளவு விளக்கமா எனக்கு முன்னால யாரும் சொன்னதில்ல. அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா வேலிக்கம்பி அங்கேயே இருந்திருக்கும்.

மலைக்காரி:
நேத்து கூட்டம் நடந்துச்சு. பதினேழு குடும்பமும் வந்தாங்க, மாடு இல்லாத வீட்டுப் பொம்பளைகளும் கொழுந்துப்பை அக்கா கேட்ட கேள்விக்காகவே வந்தாங்க. நான் ஒரு கொப்பித்தாள்ல எழுதிட்டுப் போய் ஒவ்வொண்ணாக் கேட்டேன். நாட்டு மரம் மட்டும்தான்னு எழுதித் தர ஒப்பினாங்க. முப்பது அடி வெளிக்கும் ஒப்பினாங்க. மேல்பாதியில நெல்லியும் வேங்கையும் நிக்கிறதைக் காட்டினதும் வந்தவர்கள்ல ஒருத்தர் நானும் மேல வந்து பார்க்கிறேன்னு சொல்லி ஏறிப் பார்த்துட்டு, அந்தப் பாதியைத் திட்டத்துல இருந்து எடுக்கலாம்னு சொன்னாரு. மேய்ச்சலுக்கு அது மிஞ்சும். அப்பா முகத்தைப் பார்க்கணும்.

2045ஐக் கேட்டதும் பேச்சு நின்னுபோச்சு. மேல கேட்டுச் சொல்றோம்னாங்க. புல்லுக் காசு முதல் வருஷத்துல இருந்து தர்றதைப் பத்தியும் அதே பதில். போட்ட ஒம்பது கையெழுத்தையும் திருப்பிக் கேட்டோம். தமிழ்ல கடிதம் வந்த பிறகு பார்க்கலாம்னு சொல்லிட்டோம். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு அந்தத் தாளைத் தந்துட்டாங்க, அப்பாகிட்ட இருக்கு.

அவங்க வந்தாலும் வராட்டியும் கீழ்பாதியில ஊத்துக்கு மேல ஒரு ஏக்கரை நாங்களே அடைக்கிறதுன்னு பேசியிருக்கோம். நாலு வீட்டுக்காரங்க மாட்டை அந்தப் பக்கம் விட மாட்டோம்னு ஒப்புக்கிட்டாங்க. தகரம் பத்தாது, முள்ளுக்கம்பி தேடணும். ஐயா, நாத்துல பேர் தெரியாதது இன்னும் அஞ்சு இருக்கு.

பழைய கண்டாக்கு:
படம் எடுத்துப் போடாதீங்க, எனக்குக் கண்ணு சரியில்ல. ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல நானே வர்றேன். பேரன் கூட வருவான். எங்க வீட்டுக்குப் பின்னால ரெண்டு சுருள் கம்பி சும்மா கிடக்கு, அதையும் எடுத்துட்டு வர்றோம். சந்தியில யாரையாவது நிக்கச் சொல்லுங்க மகள், மேடு ஏற ஒரு கை வேணும்.